கஞ்சியில் கலந்த காப்ஸ்யூல்

காலாவதியான மாத்திரைகளை நான் குப்பையில் போட்டதே கிடையாது. அதனால் நான் ஒழுங்கானவன் என்று அர்த்தமில்லை, கஞ்சன் என்றுதான் அர்த்தம். தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருபது வருடத்துக்கு மேலாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்ளாத அட்டைகள் எப்படியும் கொஞ்சம் சேர்ந்துவிடும். அவற்றைப் பிரித்துப் பொடித்து மொட்டைமாடி ரோஜாத் தொட்டிகளில் போடுவேன். ரோஜாவும் பூத்தது. மாத்திரையால் பூத்ததா, மனைவி ஊற்றிய அரிசி கழுவின தண்ணீரால் பூத்ததா என்று நான் யோசித்ததில்லை. "தேதியெல்லாம் மனுஷனுக்குத்தான், செடிக்கு ஏது தேதி" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். அந்த வாயை இப்போது நினைத்தால் எனக்கே ஓங்கி அறையத் தோன்றுகிறது.

என் அக்காவை ஏரல் பக்கம் ஆற்றுப்பாசன ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவள் தன்னையும் சேர்த்துப் பத்துப் பெண்களாக ஒரு குழு ஆரம்பித்து, சென்னையில் இருக்கிற ஒருவரின் வயலைக் குத்தகைக்கு எடுத்தாள். பல வருடம் வாழை நின்ற நிலம். முதலில் நெல் போட்டார்கள், தேறிவிட்டது. பிசானப் பட்டத்து நெல் அறுவடை முடிந்ததும் உளுந்து விதைப்பது என்று முடிவு செய்தார்கள். உளுந்தும் தேறினால்தான் அடுத்த வருடமும் நிலம் என்று சொந்தக்காரர் சொல்லியிருந்தார். அக்கா அந்த வயலைத் தன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள்.

குழுவில் ஒருத்தி அத்தானுக்குச் சித்தப்பா மகள். அக்காவை "மைனி" என்பாள், என்னை எல்லோரையும் போல "அண்ணாச்சி" என்பாள். அதற்கு முன் பதினைந்து வருடம் உப்பளத்தில் வேலை பார்த்தவள். கால் முழுக்கப் புண். ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று வெடிக்கும். களிம்பு வாங்க என் கடைக்குத்தான் வருவாள். தோல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனி உப்புத் தண்ணீரில் கால் வைத்தால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று. அவளுக்கு வேறு வேலையும் தெரியாது, நிலமும் கிடையாது. அக்காதான் "வாளா, மண்ணுல நின்னா புண்ணு ஆறும்" என்று குழுவில் சேர்த்துக்கொண்டாள். ஒரு வருடத்தில் புண் ஆறிவிட்டது. அக்காவின் மேல் அவளுக்கு இருந்த பாசம் கொஞ்சநஞ்சமில்லை.

விதைப்பதற்கு முந்தின வாரம் அக்கா போன் பண்ணினாள். பக்கத்து ஊரில் போன வருடம் உளுந்து வேரழுகி மொத்தமாகப் போயிற்றாம். "உன் கடையில எதும் மருந்து உண்டுமாலே?" என்றாள். அக்கா என்னிடம் யோசனை கேட்பதே அபூர்வம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வேரழுகல் என்றால் கிருமி, கிருமி என்றால் ஆன்டிபயாட்டிக் என்று ஒரு நொடியில் தீர்ப்பு எழுதிவிட்டேன். கடையில் டாக்சிசைக்ளின் காப்ஸ்யூல் ஒரு பெட்டி நிறைய, தேதி முடிந்து கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு விதைக்கிற அன்று நானே போனேன்.

அக்கா வீட்டு முற்றத்தில் சாக்கு விரித்து வேலை நடந்துகொண்டிருந்தது. உளுந்தை விதைப்பதற்கு முன்னால் அதற்கு நுண்ணுயிர் உரம் பூச வேண்டும். வேளாண்மை அலுவலகத்தில் ரைசோபியம் என்று பாக்கெட் கொடுக்கிறார்கள், பார்த்தால் கறுப்பாகக் கரித்தூள் மாதிரி இருக்கும். அதை ஆறின அரிசிக் கஞ்சியில் கரைத்து விதையில் பிசறி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். கஞ்சி பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். கஞ்சி காய்ச்சிக் கலக்கும் வேலை அந்தப் பெண்ணுடையது. அக்கா பக்கத்தில் நின்று சொளவில் விதையை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் காப்ஸ்யூல்களைத் திருகித் திறந்து மஞ்சள் தூளைக் கஞ்சிப் பானைக்குள் கொட்டவில்லை. ஒவ்வொரு சட்டியாகக் கஞ்சியை மொண்டு ஊற்றி விதையைப் பிசறும்போது, அந்தச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினேன். அளவு சரியாக இருக்க வேண்டுமே என்று அவ்வளவு அக்கறை. பெண்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். "டாக்டரே நேர்ல வந்து வைத்தியம் பாக்காரு, இனி நம்ம உளுந்துக்குக் காய்ச்சலே வராது" என்றாள் ஒருத்தி. எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. கடைசிச் சட்டிக்கு வரும்போது காப்ஸ்யூல் தீர்ந்துவிட்டது. ஒரு சட்டிதானே, பரவாயில்லை என்று விட்டுவிட்டோம். வயலில் விதைத்து முடித்த பிறகு அக்கா கையால் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து போனில் அக்காவின் குரல் மாறியிருந்தது. பயிர் முளைத்தது முளைத்தபடி நிற்கிறதாம். வளரவில்லை, இலை மஞ்சளாகிறது. வேளாண்மை உதவி அலுவலர் ஒரு சின்னப் பெண், அக்கா அவருக்கு போன் போட்டிருக்கிறாள். அவரிடம் பேசிவிட்டு மறுபடி என்னைக் கூப்பிட்டாள். "பாக்கெட்டு வேலை செய்யலயாம்லே. அதுல இருக்கது உசுருள்ள சாமானாம். கஞ்சி சூடா இருந்தா செத்துப்போயிருமாம். கஞ்சி கலக்குன இவதான் அவசரத்துல ஆறாம ஊத்திட்டா" என்றாள். அலுவலர் அடுத்த வாரம் புதன்கிழமை வயலுக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவரும் அதையே சொல்லிவிட்டால் அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவது என்று மற்ற பெண்கள் பேசி முடித்துவிட்டார்கள். ஒரு வருட உழைப்பு போகிறது, நிலமும் போகப்போகிறது, அந்தக் கோபம் அவர்களுக்கு.

நான் நம்பினேன். சத்தியமாக நம்பினேன். செவ்வாய்க்கிழமை காலையில் அவளே கடைக்கு வந்தாள். கால் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் களிம்பு கேட்டாள். மறுபடி உப்பளத்துக்குப் போக வேண்டியிருக்கும், முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றாள். எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கடையில் நாலு பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், "ஏம்மா, ஒரு கஞ்சிய ஆற வைக்கத் தெரியாதா உனக்கு? பத்துப் பேரு வயித்துல அடிச்சிட்டியே" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "ஆறித்தான் இருந்துச்சுன்னு நெனச்சேன் அண்ணாச்சி. கைய மணிக்கட்டு வரைக்கும் விட்டுல்லா கலக்குனேன். சுட்டிருந்தா எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு தானே தலையை ஆட்டிக்கொண்டு, "எல்லாரும் சொல்லுதாகளே. சூடாத்தான் இருந்திருக்கும். உப்புல கெடந்து மரத்துப்போன கையி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அவள் கஞ்சியில் கையை விட்டுக் கலக்கியதை நானும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆவி பறந்ததாக நினைவில்லை. மத்தியானம் ஒரு அம்மாளுக்குக் காப்ஸ்யூல் கொடுத்து, "அஞ்சு நாளும் விடாம சாப்பிடணும், கிருமி முழுசா சாகணும்" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். சொல்லிவிட்டுச் சில்லறை எண்ணியவன் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தப் பாக்கெட்டில் இருந்ததும் உசுருள்ள சாமான் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினேன். முத்தையாபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். அந்த நேரத்துக்கே பெண்கள் பாத்திக்குள் இறங்கி நின்றார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வயலில் யாரும் இல்லை. வரப்பில் நின்று பார்த்தபோது மஞ்சள் மஞ்சளாக நின்றது பயிர். வாய்க்கால் ஓரமாகக் கடைசியில் ஒரு துண்டு மட்டும் கரும்பச்சை. அந்தத் துண்டில்தான் கடைசிச் சட்டி விதையைப் போட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அன்று விதைத்து முடிக்கும்வரை நானும் அந்த வரப்பில்தான் நின்றேன்.

இறங்கி ஒரு மஞ்சள் செடியைப் பிடுங்கினேன். வேர் வெறுமையாக, நூல் மாதிரி வந்தது. பச்சைத் துண்டில் ஒன்றைப் பிடுங்கினேன். வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளினேன். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. காற்றிலிருக்கிற சத்தைப் பயிருக்குப் பிடித்துக் கொடுக்கிற பாக்டீரியா குடியிருக்கிற வீடு அது. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். டிப்ளமோவில் பாக்டீரியாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் நான். ஆனால் என் மண்டைக்குள் பாக்டீரியா என்றால் வியாதி, அவ்வளவுதான். ஒரு பக்கம் அவர்கள் பாக்கெட்டைக் கொட்டும்போதே இன்னொரு பக்கம் அதைக் கொல்லும் மருந்தை நானே தூவியிருக்கிறேன். எல்லாச் சட்டிக்கும் ஒரே பானைக் கஞ்சி. சூடுதான் காரணம் என்றால் இந்தத் துண்டும் மஞ்சளாக நின்றிருக்க வேண்டும்.

சந்தேகம் தீர இன்னொன்றைப் பிடுங்கினேன். பிறகு இன்னொன்று. இரண்டு கையிலும் செடி நிறைந்த பிறகுதான் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே உறைத்தது. சின்னத் துண்டுதான். பத்து மணிக்குத்தான் அலுவலர் வருவார். இது இல்லாமல் போனால் எல்லாமே மஞ்சள், எல்லாவற்றுக்கும் காரணம் கஞ்சி. குனிந்தபடியே நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்ட?"

அக்கா வரப்பில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"அக்கா, கஞ்சி இல்லக்கா. என் காப்ஸ்யூலு" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அந்த ஆபீசர் பிள்ள போன்ல மொதல்ல அதத்தான் கேட்டுது, மருந்து எதும் கலந்தீங்களான்னு. அப்பமே எனக்குத் தெரிஞ்சிட்டு. இல்லன்னுட்டேன். பெறவு கஞ்சி சூடா இருந்துச்சான்னு கேட்டுது. இருந்திருக்கும்னேன்."

"ஏங்க்கா?"

"ஏன்னா கேக்க? காலாவதியான மருந்தக் கொண்டுவந்து பயிர அழிச்சான்னு ஊரு பூரா பேசுனா உன் கடைக்கு எவம்லே வருவான்? பிள்ளைகள வச்சுக்கிட்டு என்ன செய்வ?"

"அவளுக்குக் கால் போயிரும்க்கா."

 அக்காவின் கண் கலங்கியிருந்தது. "அவளுக்கு நான் வேற வேல பாத்துக் குடுத்துக்கிடுதேன். நீ இப்ப வாய் தொறந்தா நான் இந்த ஊர்ல எப்படிலே நடமாடுவேன்? பிடுங்கு. நானும் வாரேன்" என்று சொல்லிக்கொண்டே சேலையைத் தூக்கிச் செருகி வயலுக்குள் இறங்கினாள்.

நான் நல்லவனாக இருந்து அவளைத் தடுத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை அதுவல்ல. அவள் குனிந்து பிடுங்க ஆரம்பித்தாள். நானும் குனிந்தேன். அத்தான் இறந்த பிறகு தனியாக நின்று இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். பள்ளிக்கூட நாளிலிருந்து என் தப்புக்கெல்லாம் அடி வாங்கியவள். அவள் சொன்னதை மீறி எனக்குப் பழக்கமில்லை. நாலைந்து பிடி பிடுங்கியிருப்போம். தூரத்தில் வாழைத்தோட்டத்து வழியாகப் பெண்கள் பேசிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. அக்கா செடிகளை அள்ளி வாய்க்காலில் போட்டாள். தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிற்று. முக்கால்வாசித் துண்டு அப்படியே பச்சையாக நின்றது.

அலுவலர் ஸ்கூட்டரில் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு நேராக வயலுக்குள் இறங்கி நாலைந்து இடத்தில் பிடுங்கிப் பார்த்தார். எல்லாம் மஞ்சள் பக்கத்தில். பெண்கள் அரைவட்டமாக நின்றார்கள். கஞ்சி கலந்தவள் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றாள். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"முடிச்சே இல்ல. பாக்கெட்ல இருந்த கல்ச்சர் செத்துப்போயிருக்கு. யார் கஞ்சி கலந்தது?" என்று அலுவலர் கேட்டார்.

"நான்தான் மேடம்" என்று அவள் முன்னால் வந்தாள்.

"ஆற வச்சீங்களா?"

அவள் தன் கையைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். அக்கா வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சூடாத்தான் இருந்திருக்கும் மேடம். என் தப்புதான். இவுகளுக்கு நெலத்த எடுத்துராம இருக்க எதாவது வழி உண்டுமான்னு பாருங்க. நான் ஒதுங்கிக்கிடுதேன்" என்றாள்.

 நேற்று கடையில் நாலு பேர் முன்னால் அவளை நான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் நிற்க முடியவில்லை. "கஞ்சி ஆறித்தான் இருந்தது மேடம்" என்றேன். "நான் பாத்தேன். அதில டாக்சிசைக்ளின் கலந்தது நான்தான். கடைசிச் சட்டிக்கு மட்டும் கலக்கல. அந்தா பச்சையா நிக்கிதே, அதுதான் அந்தச் சட்டி."

அலுவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பச்சைத் துண்டுக்குப் போய் ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சுகளைத் தடவிப் பார்த்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். "பாக்கெட்ல இருக்கிறதும் பாக்டீரியாதான் சார். அதையும் சேர்த்துத்தான் உங்க மருந்து கொல்லும். வேரழுகல் வர்றது பூஞ்சையால. அதுக்கு உங்க காப்ஸ்யூல் ஒண்ணும் செய்யாது. நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" என்றார். மருந்துக்கடை என்றேன். அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. சிரிக்கவில்லை.

பிறகு அவர் அக்காவிடம் திரும்பினார். நான் பயந்தது அதற்குத்தான். "நான் போன்ல கேட்டேனேம்மா, மருந்து எதுவும் கலந்தீங்களான்னு? நீங்க இல்லவே இல்லைன்னு சொன்னீங்களே. அன்னைக்கே சொல்லியிருந்தா அடுத்த நாளே வந்து ஏதாவது செஞ்சிருப்பேன். பத்து நாள் வீணாப்போச்சு" என்றார்.

  பெண்களில் யாரோ அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் நிமிரவில்லை.

அந்தப் பெண் மெதுவாக அக்காவின் பக்கத்தில் போய் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "மைனி, என் தப்புதான்னு நான் இப்ப ஒத்துக்கிட்டேன்லா. அப்பமும் நீங்க பேசாமத்தான நின்னீக" என்றாள்.

அக்கா அவள் கையைப் பிடிக்கப் போனாள். அவள் கையை எடுத்துக்கொண்டாள். கோபத்தோடு உதறவில்லை, சும்மா எடுத்துக்கொண்டாள்.  ஒருமுறை என் கையைப் பார்த்தாள். நகத்திடுக்கில் வயல் சேறு அப்படியே இருந்தது. வாய்க்காலோரம் பிடுங்கின குழிகள் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரிதான் இருந்தன. அதைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

அலுவலர் பூக்கிற சமயத்தில் டி.ஏ.பி. உரக் கரைசல் தெளிக்கச் சொன்னார். பாதி விளைச்சலாவது வரும் என்றார். மண்ணுக்குத் தொழுவுரம் போட்டு, அடுத்த முறை புதுப் பாக்கெட்டோடு விதைத்தால் நாளாவட்டத்தில் சரியாகும் என்றார். சென்னைக்காரரிடம் தானே பேசுவதாகவும் சொன்னார், பேசவும் செய்தார். நிலம் போகவில்லை.

அந்தப் பெண்ணைக் குழுவை விட்டு நீக்கவில்லை. மறுநாள் காலையில் களை எடுக்க எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாளாம். ஒன்பது பேர்தான் வந்தார்கள். அன்றிலிருந்து ஒன்பது பேர்தான். அக்காவைக் கூப்பிட இரண்டு முறை ஆள் அனுப்பினார்கள். மூன்றாவது முறை அந்தப் பெண்ணே போய் வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். அக்கா வீட்டுக்குள் இருந்துகொண்டே, உடம்பு சரியில்லை என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்பிவிட்டாள்.